ஒரே விளக்கில் மூன்று வேலை: வாங்குவது முதல் துடைப்பது வரை

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு நிலா கிடக்கிறது. கால்பந்து அளவு, மேலெல்லாம் மேடுபள்ளம், அடியில் மரத்தட்டு. தட்டில் போனை வைத்தால் சார்ஜ் ஏறும், உள்ளிருந்து பாட்டும் வரும். ஆன்லைனில் பார்த்த அன்றே ஆர்டர் போட்டேன். பதினான்கு மாதம் ஒரு குறையும் இல்லை. பிறகு வெளிச்சம் மட்டும் மின்னி மின்னி ஒருநாள் நின்றுபோனது. பாட்டு இன்றைக்கும் பாடும், சார்ஜும் ஏறும். ஆனால் எல்.இ.டி. பலகையை உள்ளே வைத்துப் பசை போட்டு மூடியிருக்கிறார்கள், உடைக்காமல் திறக்க முடியாது. அமாவாசை நிலாவை ஹாலில் வைத்துக்கொண்டு பாட்டுக் கேட்க வீட்டில் யாருக்கும் மனமில்லை.

அன்றிலிருந்து இந்த மாதிரி விளக்கு எதைப் பார்த்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: இதில் ஒரு வேலை செத்தால் மற்றது பிழைக்குமா? கீழே உள்ள படிகள் எல்லாம் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் வரும்.

படி 1: இரண்டாவது வேலை எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

விளக்கின் கூடுதல் வேலை இரண்டு வழியில் வரும். ஒன்று, அதன் வடிவத்திலிருந்து. இன்னொன்று, உள்ளே இருக்கும் சர்க்யூட்டிலிருந்து. வடிவத்தால் வரும் வேலை கெட்டுப்போகாது.

இலங்கையில் தெதிகம ஊரின் கோட்டவெஹெர என்ற புத்தத் தூபியின் அகழ்வில் கிடைத்த 12ஆம் நூற்றாண்டு யானை விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். தொங்கும் தட்டின் நடுவே வெண்கல யானை நிற்கும். பார்க்க அழகுக்கு வைத்தது போல இருக்கும், ஆனால் அந்த யானையின் வயிறுதான் எண்ணெய்த் தொட்டி. திரி எரிந்து தட்டில் எண்ணெய் மட்டம் இறங்கினால் யானைக்குள் காற்று புகும், எண்ணெய் வெளியே வரும். மட்டம் ஏறியதும் காற்று போக வழியில்லாமல் எண்ணெய் தானாக நின்றுவிடும். சிற்பமும் அதுவே, டேங்கும் அதுவே, வால்வும் அதுவே. நம் ஊர்த் தூண்டாமணி விளக்குக்கும் ஏறக்குறைய இதே வித்தைதான்.

இந்தக் காலத்து உதாரணம் வேண்டுமென்றால் 1962இல் இத்தாலியின் காஸ்டிலியோனி சகோதரர்கள் ஃப்ளோஸ் நிறுவனத்துக்காக வடிவமைத்த ஆர்கோ விளக்கு. தரையில் நிற்கும் விளக்குதான். ஆனால் வளைந்த தண்டு வெகுதூரம் நீண்டு, உத்தரத்தில் ஓட்டை போடாமலே சாப்பாட்டு மேசைக்கு நேர் மேலே வெளிச்சம் தரும். பரிமாறுகிறவர் அதன் அடிக்கும் மேசைக்கும் நடுவே நடந்து போகலாம். அத்தனை நீளம் சாயாமல் நிற்க அடியில் சுமார் 65 கிலோ கராரா பளிங்குக் கல். அந்தக் கல்லின் நடுவில் ஒரு வட்டத் துளை இருக்கும். அலங்காரம் என்று நினைப்போம். துடைப்பக் கம்பை உள்ளே விட்டு இரண்டு பேர் தூக்குவதற்காக வைத்தது அது.

நம் வீட்டுக் குத்துவிளக்கையும் இந்த வரிசையில் தாராளமாகச் சேர்க்கலாம். கும்பகோணம் பக்கம் நாச்சியார்கோவிலில் வார்த்துக் கடைந்தெடுக்கும் விளக்கில் பீடம், தண்டு, தட்டு, மேலே அன்னம் உட்கார்ந்த பிரபை எல்லாமே மரை போட்டுத் திருகிச் சேர்த்தவை. வெள்ளிக்கிழமைக்கு முன்னால் கழற்றிப் புளி போட்டுத் துலக்குகிறோமே, அந்த வசதிக்குத்தான். தட்டு நசுங்கினால் தட்டை மட்டும் மாற்றலாம். என் நிலாவுக்கு இந்தப் புத்தி இருந்திருந்தால் அது பரணுக்குப் போயிருக்காது. (பாட்டியின் குத்துவிளக்கில் ஓட்டை போட்டு பல்பு மாட்டும் வீடியோக்களைப் பார்த்துக் கிளம்பிவிடாதீர்கள். அதற்கு உதவ நான் தயாரில்லை.)

ஆகவே வாங்க நினைக்கும் விளக்கின் வேலைகளை ஒரு தாளில் எழுதி, எது வடிவம், எது சர்க்யூட் என்று எதிரே குறியுங்கள். அடிப்பாகத்தில் தட்டு, தண்டில் பை மாட்ட முளை, முகப்பில் கண்ணாடி, ஹாலுக்கும் சாப்பாட்டு இடத்துக்கும் நடுவே தடுப்பு போலத் தொங்கும் சரம் இவையெல்லாம் வடிவம். சார்ஜர், ஸ்பீக்கர், பேட்டரி, கடிகாரம், வைஃபை எல்லாம் சர்க்யூட். சர்க்யூட் வேலை ஒன்று இருந்தால் போதும் என்பது என் கணக்கு. இரண்டு இருந்தால் யோசிப்பேன். மூன்று இருந்தால் அந்த ஆன்லைன் பக்கத்தையே மூடிவிடுவேன்.

படி 2: விளக்கு வருமுன் அதன் அட்டைப் பெட்டி வரட்டும்

போட்டோவில் விளக்கின் அளவு தெரியாது. பக்கத்தில் வைத்திருக்கும் சோபா எவ்வளவு பெரியது என்றும் தெரியாது. அதனால் விவரத்தில் போட்டிருக்கும் நீள அகல உயரத்துக்கு ஒரு பழைய அட்டைப் பெட்டியை வெட்டி ஒட்டி, விளக்கு வைக்கப்போகும் இடத்தில் இரண்டு நாள் வையுங்கள். யார் காலில் இடிக்கிறது, ஜன்னல் கதவு திறக்கிறதா, பிளக் பாயின்ட்டுக்கு வயர் எட்டுகிறதா, எல்லாம் இரண்டு நாளில் தெரிந்துவிடும். எங்கள் பெட்டியை ஒரே நாளில் மூன்று முறை உதைத்தோம். இடத்தை மாற்றினேன்.

அடுத்தது இருட்டியபின் செய்ய வேண்டிய சோதனை. வீட்டில் ஒருவரை அந்தப் பெட்டியின் மேல், பல்பு வரும் உயரத்தில், போன் டார்ச்சைப் பிடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் வழக்கமாக உட்காரும் இடங்களில் எல்லாம் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். இங்கேதான் இறக்குமதி டிசைன்கள் நம் வீட்டில் தடுக்கி விழும். நாற்காலியில் உட்கார்ந்தவரின் கண் தரையிலிருந்து ஏறத்தாழ 110, 120 செ.மீ. உயரத்தில் இருக்கும். அந்தக் கண்ணுக்கு பல்பு தெரியாதபடிதான் குடையை வடிவமைத்திருப்பார்கள். நாமோ பாய் விரித்துக் கீரை ஆய்கிறோம், குழந்தை தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறது. அந்தக் கண் 75, 80 செ.மீ. உயரத்தில் இருக்கும். கீழேயிருந்து பார்த்தால் குடைக்குள் பல்பு நேராகக் கண்ணைக் குத்தும். தரையில் உட்காரும் பழக்கமுள்ள வீடு என்றால் அடிப்பக்கம் மூடியது, அல்லது வெளிச்சத்தை மேலே சுவருக்கு அனுப்புவது என்று பார்த்து எடுங்கள்.

சிற்ப வடிவ விளக்கைச் சுவரை ஒட்டி வைத்தால் பாதி அழகு போய்விடும். ஒரு சாண், ஒன்றரைச் சாண் தள்ளி வைத்தால் துளைகளின் நிழல் சுவரில் விரியும். இன்னும் தள்ளினால் நிழல் மங்கிவிடும். அங்கே இங்கே நகர்த்திப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும், சூத்திரம் கிடையாது.

இன்னொன்று: பகல் முழுவதும் விளக்கு அணைந்துதான் நிற்கப்போகிறது. கடையில் அணைக்கச் சொல்லிப் பாருங்கள். எரியாதபோதும் பார்க்கத் தோன்றினால்தான் அது சிற்பம்.

படி 3: வெளிச்சக் கணக்கு

வாட் என்பது மின்சாரச் செலவு மட்டுமே. வெளிச்சத்துக்கு லூமன் பாருங்கள். சாதாரண 9 வாட் எல்.இ.டி. பல்பு 800 முதல் 900 லூமன் வரை தரும். ஆனால் அது பல்பின் கணக்கு. சுடுமண், பித்தளைத் துளைத்தகடு, அடர்நிறத் துணி எல்லாம் அதில் பெரும்பகுதியை விழுங்கும். ஆகவே "படிக்கவும் ஆகும்" என்று விற்பனையில் சொன்னால் நம்பாமல் சோதியுங்கள். படிக்க, புத்தகத்தின் மேல் விழும் வெளிச்சம் 300 முதல் 500 லக்ஸ் தேவை. போனில் இலவசமாகக் கிடைக்கும் லக்ஸ் மீட்டர் செயலி துல்லியமாக இருக்காது என்றாலும், 80 காட்டுகிறதா 400 காட்டுகிறதா என்ற வித்தியாசம் தெரியும். விளக்கைப் பாதி தூரத்துக்கு நெருக்கினால் வெளிச்சம் கிட்டத்தட்ட நான்கு மடங்காகும். பெரிய பல்பு போடுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

நிறம்: 2700 முதல் 3000 கெல்வின் வரை வார்ம் ஒயிட், அதாவது மஞ்சள் கலந்த வெள்ளை. 6500 என்பது நம் வீடுகளில் எல்லா அறையிலும் எரியும் டியூப்லைட் வெள்ளை. பித்தளை, மரம், சுடுமண் மூன்றும் 6500இல் செத்த முகமாக நிற்கும். இந்த விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பெட்டியில் சி.ஆர்.ஐ. 90 அல்லது அதற்கு மேல் என்றிருந்தால் பொருளின் நிறம் உள்ளபடி தெரியும்.

பல்பு சிமிட்டுகிறதா என்று அறிய போன் கேமராவை ஸ்லோமோஷனில் வைத்து எடுங்கள். வீடியோவில் பட்டை பட்டையாகவோ துடிதுடிப்பாகவோ தெரிந்தால் அதன் டிரைவர் (எல்.இ.டி.க்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் சர்க்யூட்) மட்டமானது.

படி 4: சர்க்யூட் வேலைகளை ஒவ்வொன்றாக விசாரியுங்கள்

*வயர்லெஸ் சார்ஜர்.* பெட்டியில் வயர்லெஸ் சார்ஜிங் தரத்துக்கான கியூஐ (Qi) முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள் (உச்சரிப்பு 'ச்சீ'). சாதாரணமாக 5 வாட்டிலிருந்து 15 வாட் வரை. உள்ளே ஒரு செம்புக் கம்பிச் சுருள், போனுக்குள் ஒரு சுருள். இரண்டுக்கும் நடுவே சில மில்லிமீட்டர்தான் இடைவெளி இருக்கலாம், மையமும் பொருந்த வேண்டும். ஒரு விரல் நகர்ந்தால் சார்ஜ் ஏறாது, அல்லது ஏறாமல் சூடு மட்டும் ஏறும். காலையில் எழுந்து 12 சதவீதம் பார்த்தவர்களுக்குத் தெரியும். 2023இல் வந்த கியூஐ2 தரத்தில் காந்தம் சேர்த்ததற்குக் காரணமே போன் சரியான இடத்தில் உட்கார வேண்டும் என்பதுதான்.

சூடுதான் இங்கே முக்கியமான சிக்கல். வயர்லெஸ் சார்ஜிங்கில் வீணாகும் மின்சாரம் சூடாக மாறும். அதற்கு மேலேயே விளக்கின் டிரைவரும் சூட்டைக் கக்கும். அறையே 35 டிகிரியைத் தாண்டும் சித்திரை வைகாசியில் போன் தானாகவே சார்ஜை நிறுத்தும். பல்பும் சார்ஜரும் குறைந்தது ஒரு முழம் தள்ளியிருக்கும் டிசைனாகப் பாருங்கள். வெறும் யூ.எஸ்.பி. டைப்-சி ஓட்டை இருந்தால் எனக்கு அதுவே போதும். வயர் இருந்தால் என்ன குடி முழுகிவிடப் போகிறது?

*பேட்டரி.* மேசையில் தூக்கிக்கொண்டு போகும் விளக்குகளில் பெரும்பாலும் 18650 என்ற லித்தியம் செல் இருக்கும். 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம் என்பதே பெயரின் பொருள். இருநூறு, முந்நூறு முறை முழுதாக ஏற்றி இறக்கினாலே கொள்ளளவு குறையத் தொடங்கும். சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற இடங்களில் மாற்றுச் செல் கிடைக்கிறது. அதை மாற்ற முடிகிறதா என்பதே கேள்வி. அடியில் ஸ்க்ரூ இருந்தால் நம்பிக்கை உண்டு. வழுவழுவென்று மூடியிருந்தால் என் நிலாவின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கரன்ட் போனாலும் எரிய வேண்டும் என்பது மட்டுமே தேவையென்றால், விளக்கைச் சாதாரண ஹோல்டரோடு வாங்கி உள்ளே பேட்டரி பல்பு போடுவது மலிவு. கடையில் இன்வெர்ட்டர் பல்பு என்பார்கள். அந்த பல்பு ஒரு சின்னத் தந்திரம் செய்கிறது. மின்சாரம் போனதும், தன் இரண்டு முனைகளுக்கு நடுவே வீட்டு வயரிங் வழியாக ஒரு இணைப்பு இருக்கிறதா என்று பார்க்கும். ஸ்விட்ச் போட்டிருந்தால் வீட்டின் மற்ற சாதனங்கள் வழியாக இணைப்பு தெரியும், பல்பு எரியும். ஸ்விட்ச் அணைத்திருந்தால் தெரியாது, எரியாது. கையில் பிடித்து இரண்டு முனையையும் விரலால் தொட்டால் எரிகிறதே, அதுவும் இதனால்தான். இரண்டு எச்சரிக்கை: டிம்மரோடு இது ஒத்துப்போகாது. சாதாரண பல்பைவிட நீளம் அதிகம், குடைக்குள் நுழையுமா என்று அளந்துவிட்டு வாங்குங்கள்.

*ஸ்மார்ட் பல்பு.* ஒரு புயல் இரவில் எங்கள் தெருவில் கரன்ட் போனது. விடிகாலை இரண்டரை மணிக்கு வந்தது. வந்த நொடியில் படுக்கையறையின் ஸ்மார்ட் பல்பு முழு வெளிச்சத்தோடு எரிந்து மூன்று பேரை எழுப்பியது. பழுது ஒன்றுமில்லை, பல ஸ்மார்ட் பல்புகள் கரன்ட் திரும்பியதும் எரியும்படிதான் வருகின்றன. செயலியின் செட்டிங்கில் 'மின்சாரம் திரும்பினால் என்ன செய்ய வேண்டும்' என்று ஒரு இடம் இருக்கும். பழைய நிலைக்கே போகும்படி முதல் நாளே மாற்றிவிடுங்கள். சுவர் ஸ்விட்சை அணைத்தால் செயலியில் அது செத்துப்போகும் என்பதைப் பெரியவர்களிடமும் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டில் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

*ஸ்பீக்கர்.* மரச்சாமான் நிறுவனமான ஐகியாவும் ஸ்பீக்கர் நிறுவனமான சோனோஸும் சேர்ந்து 2019இல் மேசை விளக்கு ஸ்பீக்கர் ஒன்றைக் கொண்டுவந்தன, பல்பைத் தனியாக மாற்றலாம் என்பது அதில் நல்ல விஷயம். மலிவான விளக்கு ஸ்பீக்கர்களில் சத்தம் ஏறினால் குடையே அதிரும். கடையில் முழுச் சத்தத்தில் ஒரு தவில் கச்சேரி போட்டுக் கேளுங்கள்.

படி 5: வாங்கும் இடத்தில் ஐந்து நிமிடம்

விளக்கைக் கவிழ்த்துப் பாருங்கள், கடைக்காரர் முறைத்தாலும். பல்பு மாற்றும் ஹோல்டர் இருக்கிறதா? அழுத்தித் திருப்புவது பி22, திருகுவது இ27. இரண்டுமே எந்தக் கடையிலும் கிடைக்கும் பல்புக்குப் பொருந்தும். சிறு மெழுகுவர்த்தி பல்புக்கான இ14 என்றால் பல்பு தேடி அலைய வேண்டிவரும். இந்தியத் தர அமைப்பான பி.ஐ.எஸ். முத்திரையும் ஆர் என்ற எழுத்தோடு தொடங்கும் பதிவு எண்ணும் பாருங்கள், அந்த எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் யார் தயாரித்தது என்று சொல்லும். மேலே லேசாகத் தட்டிப் பாருங்கள், எவ்வளவு சாய்ந்து திரும்ப நிற்கிறது என்று. குழந்தையோ பூனையோ உள்ள வீட்டில் இந்த ஒரு சோதனையே போதும்.

படி 6: இணைப்பு

பித்தளை, இரும்பு, அலுமினியம் என்று உடம்பு உலோகமாக இருந்தால் மூன்று முள் பிளக்கும் எர்த் வயரும் கட்டாயம். உலோக விளக்கு இரண்டு முள்ளோடு வந்தால், பெட்டியிலோ அடியிலோ சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருக்க வேண்டும். இரட்டைக் காப்பு என்று அர்த்தம். அதுவும் இல்லையென்றால் திருப்பிக் கொடுங்கள். அடாப்டரில் ஓடும் 5 வோல்ட், 12 வோல்ட் விளக்குக்கு இந்தக் கவலை இல்லை. 1972இல் ரிச்சர்ட் சாப்பர் வடிவமைத்த டிஸியோ மேசை விளக்கில் குறைந்த வோல்டேஜ் என்பதால்தான் கைகளின் வழியாகவே மின்சாரத்தை ஓட விட்டார். அந்தக் கைகளில் வயரே கிடையாது.

இ27 ஹோல்டரில் எலக்ட்ரீஷியன் பெரும்பாலும் கவனிக்காத ஒன்று உண்டு. மின்சாரம் வரும் ஃபேஸ் வயர் நடுப்புள்ளிக்கும், நியூட்ரல் திருகு மரைக்கும் போக வேண்டும். மாற்றிக் கொடுத்தாலும் பல்பு எரியும். ஆனால் பல்பு மாற்றும்போது விரல் படுவது மரையில், அதில் 230 வோல்ட் நிற்கும். டெஸ்டர் வைத்து ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். மின்கசிவு வந்தால் கரன்ட்டைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. வீட்டில் இல்லையென்றால் விளக்குக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் அதைப் போடுங்கள்.

தொங்கும் விளக்கை ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங்கில் மாட்டாதீர்கள். அது அட்டை. மேலே கான்கிரீட்டில் ஆங்கர் அடித்து அங்கிருந்து கம்பி இறங்க வேண்டும்.

எங்கள் ஹாலில் இப்போது நிற்பது மானாமதுரையில் சொல்லிச் செய்த துளைப் பானை. கவிழ்த்து வைத்திருக்கிறோம், அடிப்புறம் மேலே வந்து சின்னத் தட்டுபோல நிற்கிறது, சாவியும் சில்லறையும் அங்கே. உள்ளே ஒரு பி22 ஹோல்டர், 7 வாட் வார்ம் ஒயிட். சூடு வெளியேற, கீழே வந்த வாய் விளிம்பில் மூன்று பொத்தான் வைத்துத் தூக்கியிருக்கிறது, கீழே காற்று நுழைந்து துளை வழியே மேலே போகும். முழுக்க மூடிய குடைக்குள் எல்.இ.டி. பல்பு சீக்கிரம் சாகும், டிரைவரின் கெப்பாசிட்டர் சூட்டில் வற்றிவிடும். பானை உட்காரும் பலகையின் ஓரத்தில் வட்டமாக ஒரு குழி தோண்டி, தனியாக வாங்கிய சார்ஜரை மேற்பரப்புக்குச் சமமாக உட்கார வைத்தேன். பலகைக்கு அடியில் ஒட்டினால் மரத்தின் தடிமனைத் தாண்டி போனின் சுருளுக்கு மின்சாரம் எட்டாது. பலகையின் அடியில் வயர் ஓட ஒரு வாய்க்கால். பசை எங்கும் இல்லை. போன மாதம் சார்ஜர் போனது. குழியிலிருந்து நெம்பி எடுத்து வேறு வைத்தேன், விளக்கு அப்போதும் எரிந்துகொண்டிருந்தது.

படி 7: துடைப்பது

துளையும் மடிப்பும் அதிகமுள்ள விளக்கு அழகு, ஆனால் துடைக்க வேண்டியவர் வேறொருவர் என்றால் அவரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, பெயின்ட் பிரஷ்ஷால் தட்டினாலே பெரும்பாலான தூசி போய்விடும். கடற்கரைப் பக்கம் வீடென்றால் இரும்பில் உப்புக்காற்று ஒரு மழைக்காலத்துக்குள் துரு ஏற்றும், பவுடர் கோட்டிங் உள்ளதாக எடுங்கள். காகித விளக்கு ஆசையென்றால் தனிச் சிரத்தை வேண்டும். 1951இல் ஜப்பானின் கிஃபு ஊர் லாந்தர்களைப் பார்த்து இசாமு நொகுச்சி செய்யத் தொடங்கிய அகாரி விளக்குகள் மூங்கிலும் காகிதமும்தான், தட்டையாக மடித்து வைக்கலாம். நம் ஊரில் அந்த வகைக்குப் பெரிய எதிரி பல்லி. எச்சக் கறை காகிதத்தில் ஏறினால் போகாது.

மேல்பக்கம் கிண்ணம் போலத் திறந்திருக்கும் விளக்கு வைத்திருப்பவர்கள் முதல் மழைக்குத் தயாராக இருங்கள். அந்தி சாய்ந்து மழை விட்ட அரை மணியில் ஈசல் கிளம்பும். விடிந்தால் கிண்ணம் நிறைய இறக்கை, அதைத் தின்ன எறும்பு, எறும்புக்குப் பின்னால் பல்லி. வெள்ளை வெளிச்சத்தைவிட மஞ்சள் வெளிச்சத்துக்குக் குறைவாகவே வரும், ஆனாலும் வரும். ஹால் விளக்கை அணைத்து, ஜன்னலைச் சாத்தி, பால்கனி லைட்டை மட்டும் போட்டுவிட்டு உட்காருங்கள். ஒரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும்.